எச்ஐவியுடன் வாழ்வோருக்கு நம்பகமான மருத்துவத் தகவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்ஐவி தொற்று உள்ளவர்களும், அவர்கள் வீட்டாரும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாதி மருந்தையும் பரிசோதனையையும் பற்றியவை. மீதி, யார் சொல்வதை நம்புவது என்பதைப் பற்றியவை. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல மாத்திரை கையில் இருந்தும், அதைப் பற்றி யாரோ சொன்ன தவறான பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டு உடல்நிலை கெட்டுப்போனவர்கள் உண்டு. உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரின் இடத்தை இந்தப் பதில்கள் பிடிக்காது. அவரிடம் என்ன கேட்பது என்று தெளிவாக்கிக்கொள்ள உதவும்.

இப்போதுதான் பாசிட்டிவ் என்று சொன்னார்கள். முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதல் நாளில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். இந்தத் தொற்றுக்கு நல்ல மருந்து இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தினமும் ஒரே ஒரு மாத்திரை. சீக்கிரம் தொடங்கி விடாமல் சாப்பிடுபவர்கள் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள். மற்றவற்றை அடுத்தடுத்த வாரங்களில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு சொல்லிவிட்டார்களா, உறுதிப்படுத்தும் பரிசோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். உறுதியான பிறகு சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். "எதிர்ப்பு சக்தி குறையட்டும், அப்புறம் மருந்து தொடங்கலாம்" என்பது பழைய பேச்சு. 2015ஆம் ஆண்டு வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: சிடி4 அளவு, அதாவது எதிர்ப்பு சக்தி செல்களின் எண்ணிக்கை, நன்றாக இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோய்களும் மரணமும், காத்திருந்தவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தன. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை என்று அறிவித்தது. மூளைக்காய்ச்சல் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ காசநோய் உறுதியானாலோ மட்டும், முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு இதைச் சற்றுத் தள்ளித் தொடங்குவார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

எச்ஐவியும் எய்ட்ஸும் ஒன்றுதானே?

இல்லை. எச்ஐவி என்பது வைரஸ். சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் போய், சிடி4 அளவு 200க்குக் கீழே இறங்கினாலோ சில குறிப்பிட்ட நோய்கள் வந்தாலோ அந்த நிலைக்கு எய்ட்ஸ் என்று பெயர். மருந்து சாப்பிடும் பெரும்பாலானவர்கள் அந்த நிலைக்குப் போவதே இல்லை.

இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று முரணாக வருகிறது. எதை நம்புவது?

எழுதியவர் யார் என்று பார்ப்பதற்கு முன்பே, எப்போது எழுதியது என்று பாருங்கள். எச்ஐவி மருத்துவத்தில் தேதிதான் முதல் வடிகட்டி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1983இல். முதல் மருந்தான ஏஇசட்டி 1987இல் வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1996இல் நிலைபெற்றது. அதன் பிறகு மரணங்கள் சடசடவெனக் குறைந்தன. 1990களில் எழுதியதைப் படித்துவிட்டு, "பத்து வருஷம்தானாமே" என்று இன்று ஒருவர் கலங்குகிறார். அன்றைக்கு அது பொய் இல்லை. இன்றைக்கு அது உங்களுக்குப் பொருந்தாது. தேதியே போடாத மருத்துவக் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்து, அதை எழுதியவருக்கு விற்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையின் கடைசியில் ஒரு டப்பாவின் படமும் தொலைபேசி எண்ணும் இருந்தால், மேலே எழுதியிருப்பதை அந்த டப்பாவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று ஓர் இடத்திலாவது சொல்கிறதா? நம்பத்தக்க மருத்துவ எழுத்தில் "இதற்குப் போதிய ஆதாரம் இன்னும் இல்லை" என்ற வாக்கியம் எங்கேனும் கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் நூறு சதவீத உறுதி தருபவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள், எய்ட்ஸுக்கான ஐ.நா. அமைப்பான யுஎன்எய்ட்ஸின் ஆண்டறிக்கைகள், மருந்துகள் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்பதற்கு லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் இணையதளம் ஆகியவற்றைத் தயங்காமல் பார்க்கலாம். மொழி கடினமாக இருந்தால், அந்தப் பகுதியைக் காட்டி உங்கள் ஆலோசகரிடம் விளக்கம் கேளுங்கள்.

டாக்டர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நேற்று ஒன்று, இன்று ஒன்று. அப்புறம் எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. எப்போது மருந்து தொடங்கலாம் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சிடி4 200க்குக் கீழே போனால் என்றார்கள். 2010இல் 350 என்று மாற்றினார்கள். 2013இல் 500. 2015இல், அளவே பார்க்க வேண்டாம், எல்லோருக்கும் உடனே என்றார்கள். ஒவ்வொரு தடவையும் புதிய ஆதாரம் வந்தது, அறிவுரை மாறியது. ஆதாரம் வந்த பிறகும் மாறாத அறிவுரையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

இன்னொரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தகவலைக் கையாளுவது எப்படி, கையாளக்கூடாதது எப்படி என்ற இரண்டும் அதற்குள் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் இன்று உலகெங்கும் முதல் தேர்வாக இருக்கும் மருந்து. 2018 மே மாதத்தில் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கருத்தரிக்கும் சமயத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தாய்மார்களின் 426 குழந்தைகளில் 4 பேருக்கு முதுகுத்தண்டு, மூளை தொடர்பான பிறவிக் குறை இருந்தது. அதாவது சுமார் 0.94 சதவீதம். மற்ற மருந்துகள் சாப்பிட்டவர்களிடம் இது 0.1 சதவீத அளவில்தான் இருந்தது. உடனே பல நாடுகள், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இந்த மருந்தே வேண்டாம் என்று கதவைச் சாத்தின. கர்ப்பத் திட்டமே இல்லாத பெண்களும் அதில் அடக்கம். பக்க விளைவு அதிகமான பழைய மருந்திலேயே அவர்கள் தொடர வேண்டியிருந்தது.

2018 ஜூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரில், பல ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த எச்ஐவியுடன் வாழும் பெண்கள் கூடினார்கள். அபாயம் எவ்வளவு, பலன் எவ்வளவு என்பதை எங்களிடம் முழுசாகச் சொல்லுங்கள், தேர்வை எங்களிடம் விடுங்கள், மொத்தமாகத் தடை போடாதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அடுத்த ஆண்டு, எச்சரிக்கைக்குக் காரணமான அதே போட்ஸ்வானா ஆய்வில் எண்ணிக்கை கூடியபோது 1,683 பிரசவங்களில் 5 என்று விகிதம் 0.3 சதவீதமாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. இன்னும் சில ஆண்டுகளில், மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

எச்சரிக்கை வெளியிட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதை மறைத்திருந்தால்தான் துரோகம். ஆனால் தகவலை அதிகாரிகளிடம் மட்டும் கொடுத்து, மருந்து சாப்பிடுகிற பெண்ணிடம் முடிவை மட்டும் அறிவித்தது தவறு. அந்தப் பெண்கள் கேட்டதுதான் சரி.

என் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

இரண்டு எண்கள் முக்கியம். வைரல் லோடு என்பது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. அது குறைய வேண்டும். சிடி4 என்பது எதிர்ப்பு சக்தி செல்களின் எண்ணிக்கை. அது ஏற வேண்டும். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கு வைரல் லோடுதான் நேரான பதில்.

தாளில் "டார்கெட் நாட் டிடெக்டெட்" என்று இருக்கும். அல்லது 20க்கு முன்னால் "குறைவு" என்ற குறி போட்டு "காப்பீஸ் பர் எம்எல்" என்று இருக்கும். முதலாவது, கருவிக்கு வைரஸ் தட்டுப்படவே இல்லை என்று பொருள். இரண்டாவது, தடயம் தெரிகிறது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று பொருள். இரண்டுமே நல்ல செய்திதான். பக்கத்தில் "லாக்" என்று 1.7, 3.0 என ஒரு சின்ன எண் இருந்தால் குழம்ப வேண்டாம். அதே அளவை வேறு கணக்கில் எழுதியிருக்கிறார்கள்: லாக் 3 என்றால் 1,000, லாக் 1.7 என்றால் 50.

எப்போதும் தட்டுப்படாமல் இருந்த வைரல் லோடு ஒரு தடவை 80, 120 என்று வந்து, அடுத்த தடவை பழையபடி இறங்குவது பலருக்கும் நடக்கும். அதை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 1,000க்கு மேல் போனால் மட்டும் விஷயம் வேறு. மாத்திரை தவறியதா, கூடவே வேறு மருந்து சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வழக்கமாக மூன்று மாதத்தில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் மருந்தை மாற்றுவது பற்றி யோசிப்பார்கள்.

சிடி4 ஒரே வாரத்தில்கூட ஏறி இறங்கும். காய்ச்சல், ரத்தம் எடுத்த நேரம், ஆய்வகம் எல்லாமே அதைப் பாதிக்கும். 520 இருந்தது 470 ஆகிவிட்டதே என்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 200க்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் மாத்திரையும் கூடுதலாகத் தருவார்கள்.

வைரஸ் தட்டுப்படாத நிலையில் இருந்தால் துணைக்குப் பரவாது என்கிறார்கள். உண்மையா, ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

உண்மை. எச்ஐவி பற்றிய தகவல்களில் இவ்வளவு உறுதியாக நிரூபிக்கப்பட்டவை சிலவே. ஒருவருக்குத் தொற்று இருந்து, துணைக்கு இல்லாத தம்பதிகளையும் இணைகளையும் 'பார்ட்னர்' என்ற ஐரோப்பிய ஆய்வு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மருந்தால் வைரல் லோடு 200க்குக் கீழே இருந்தது. ஆணுறை இல்லாத உறவு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை நடந்தது. துணையிடமிருந்து துணைக்குப் பரவியது பூஜ்யம். ஆண்-பெண் தம்பதிகளை உள்ளடக்கிய முதல் கட்ட முடிவு 2016இலும், ஆண்-ஆண் இணைகளைப் பற்றிய இரண்டாம் கட்ட முடிவு 2019இலும் வந்தன.

இதில் என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டின் எய்ட்ஸ் ஆணையம் 2008லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும், "சொன்னால் ஜனங்கள் ஆணுறையை விட்டுவிடுவார்கள்" என்று சொல்லிப் பல இடங்களில் இதை நோயாளிகளிடம் மறைத்தார்கள். தன்னால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று தெரியாமலே, கட்டிய துணையைத் தொடப் பயந்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். நல்லெண்ணத்தோடு மறைத்தாலும் மறைத்ததுதான்.

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். இது உடலுறவுக்குப் பொருந்தும். தாய்ப்பாலில் அபாயம் மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. ஊசியைப் பகிர்வதற்கு இந்த உறுதி கிடையாது. மற்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் இது தடுக்காது. மருந்து தொடங்கியதிலிருந்து இந்த நிலைக்கு வர ஆறு மாதம் வரை ஆகலாம். பரிசோதனையில் உறுதியாகும்வரை பொறுங்கள். மருந்தை நிறுத்தினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டேன். என்ன செய்வது?

ஞாபகம் வந்த உடனே சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால், டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், தவறியதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் சாப்பிடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம். எப்போதோ ஒரு நாள் தவறுவதால் பெரிய கேடு வராது. அடிக்கடி தவறினால்தான் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிப்போய், பிறகு மருந்து பலிக்காமல் போகும். அப்படித் தவறுகிறது என்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் பயனில்லை. இரவுப்பணியா, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்துச் சாப்பிட வேண்டியிருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று காரணத்தைப் பாருங்கள். வேளையை மாற்றிக்கொள்ளலாம், டப்பாவை மாற்றலாம், மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை எடுக்கலாம்.

உடம்பு தேறிவிட்டது. கொஞ்ச நாள் மருந்துக்கு இடைவெளி விடலாமா?

வேண்டாம். இதையும் ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள். 5,400க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 'ஸ்மார்ட்' ஆய்வு 2006இல் வெளியானது. சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தபோது மறுபடி தொடங்கியவர்களுக்கு நோயும் மரணமும் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தன. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எச்ஐவி மருந்துகளான டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கலாம்.

பக்க விளைவுகளை நினைத்தாலே பயம்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள எல்லாமே உங்களுக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகும். சிலருக்கு எடை கூடும். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்று ஏறிக் காட்டும், ஆனால் சிறுநீரகம் கெட்டதால் ஏறுவதில்லை. பழைய மருந்தான எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலும் விசித்திரக் கனவுகளும் தரும். தாங்க முடியாவிட்டால் மாற்று மருந்துகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை பேசுங்கள்.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அபாகாவிர் என்ற எச்ஐவி மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த ஒவ்வாமைக்காக நிறுத்தினால் அபாகாவிரை மறுபடி ஒருபோதும் சாப்பிடக் கூடாது.

இதோடு வேறு மருந்துகள் சாப்பிடலாமா? சத்து மாத்திரை? மூலிகை?

பெரும்பாலானவை சேரும். சேராத சிலவற்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். டோலுடெக்ராவிர் சாப்பிடுபவர்கள் அலுமினியம், மெக்னீசியம் கலந்த அல்சர் மருந்தோடு அதைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராமல் போய்விடும். எச்ஐவி மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை உணவோடு என்றால் ஒன்றாகச் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுக்கும்போது டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளையாகத் தருவார்கள். வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாய்ன் இரண்டும் எச்ஐவி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம். மனச்சோர்வுக்காக விற்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் பல எச்ஐவி மருந்துகளைப் பலனில்லாமல் ஆக்கிவிடும். என்ன சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

முழுசாகக் குணமாக்குகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். ரிப்போர்ட்டே காட்டுகிறார்.

அவர் காட்டும் ரிப்போர்ட்டில் "தட்டுப்படவில்லை" என்று இருக்கும். வழக்கமான மாத்திரையை விடாமல் சாப்பிடுகிற பெரும்பாலானவர்களின் ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கும். வைரஸ் ரத்தத்தில் தெரியாமல் போனாலும், உறங்கிக்கொண்டிருக்கும் சில செல்களுக்குள் மண்ணுக்குள் கிடக்கும் விதையாகத் தங்கியிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே திரும்ப வந்துவிடும். ஆக, அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லா மருந்தையும் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் வைரஸ் திரும்பாமல் இருந்தவர்கள் யார், அதை எந்த மருத்துவ இதழ் சரிபார்த்து வெளியிட்டது?

அப்படி உண்மையாகவே குணமானவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறார்கள். முதலாமவர் 'பெர்லின் நோயாளி' எனப்பட்ட டிமோதி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக, எச்ஐவி எளிதில் நுழைய முடியாத அரிய மரபணு மாற்றம் உள்ள ஒருவரின் ஸ்டெம் செல்கள் (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள்) அவருக்குப் பொருத்தப்பட்டன. உயிரையே பறிக்கக்கூடிய சிகிச்சை அது. புற்றுநோய் இல்லாதவருக்கு யாரும் செய்யமாட்டார்கள்.

பொய் வாக்குறுதியின் விலையும் பதிவாகியிருக்கிறது. காம்பியா நாட்டின் அன்றைய அதிபர் யாஹ்யா ஜாமே, 2007இல் தன் மூலிகையால் எய்ட்ஸைக் குணமாக்குவதாக அறிவித்து, வந்தவர்களின் வழக்கமான மருந்துகளை நிறுத்த வைத்தார். தப்பிப் பிழைத்தவர்கள் 2018இல் அவர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில், எய்ட்ஸுக்கு எச்ஐவிதான் காரணமா என்று அதிபர் தாபோ உம்பெகியே சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதாக ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். தவறான தகவலால் இத்தனை உயிர்கள் போகும் என்பதை மறக்கவே கூடாது.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. கர்ப்பத்துக்கு முன்பே மருந்து தொடங்கி, வைரல் லோடு தட்டுப்படாமல் இருந்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். குழந்தைக்கும் பிறந்தவுடன் சில வாரங்கள் மருந்து தருவார்கள். தாய்ப்பால் பற்றி நாட்டுக்கு நாடு அறிவுரை மாறுகிறது. கர்ப்பத்தின்போதே கேட்டு முடிவெடுங்கள். பால் கொடுக்கும் காலம் முழுக்க மாத்திரை தவறக் கூடாது.

டாக்டர் இரண்டு நிமிடம்தான் பேசுகிறார். எப்படிக் கேட்பது?

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். முக்கியமானதை முதலில் எழுதுங்கள். எழுந்து வரும்போது கேட்கலாம் என்று வைத்திருக்கும் கேள்விதான் பெரும்பாலும் மிக முக்கியமான கேள்வி. அதை மேலே எழுதுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புரியாவிட்டால், "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டரிடம் நேரமில்லை என்றால் ஆலோசகரிடமும் மருந்தாளுநரிடமும் கேளுங்கள். மாத்திரை பற்றிய பல கேள்விகளுக்கு மருந்தாளுநரே நன்றாகப் பதில் சொல்வார்.

நான் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தகவலை எப்படிச் சொன்னால் போய்ச் சேரும்?

எதிரே இருப்பவர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். வைரஸ் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்ற படம் அப்புறம் இருக்கட்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் கேட்டால் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலில், நீங்கள் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது தெரிந்துவிடும்.

அபாயத்தைச் சொல்லும்போது வெறும் சதவீதத்தோடு நிறுத்தாமல், "ஆயிரம் பேரில் மூன்று பேருக்கு" என்று ஆட்களாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த தடவைக்குள் விசாரித்துச் சொல்லுங்கள். எப்படித் தொற்றியது என்று துருவ வேண்டாம். சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். அச்சிட்ட தாள் கொடுப்பதாக இருந்தால், அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று முதலில் கேளுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் எச்ஐவி என்று இருக்கும் கையேட்டை வழியிலேயே கிழித்துப் போடுபவர்கள் உண்டு.

தொற்றுள்ளவர்களையே சொல்லிக்கொடுப்பவர்களாக ஆக்குவது நல்ல வழி. 1998இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் 'ட்ரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன்' அமைப்பு இதைச் செய்து காட்டியது. அதிகம் படிக்காதவர்களும் சிடி4, வைரல் லோடு, பக்க விளைவு எல்லாவற்றையும் தங்கள் மொழியில் கற்று, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்; மருந்து கேட்டு அரசை நீதிமன்றத்துக்கும் இழுத்தார்கள்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் சேரலாமா?

சேரலாம். ஒரே அனுபவம் உள்ளவர்களின் பேச்சு தரும் தெம்பை வேறு யாராலும் தர முடியாது. மாத்திரை சாப்பிட்ட முதல் வாரம் எப்படி இருந்தது, துணையிடம் எப்படிச் சொன்னேன் என்பதை அங்கே கேளுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, நிறுத்தலாமா என்பதை அங்கே முடிவு செய்ய வேண்டாம். பெயரும் பதிவு எண்ணும் தெரியும் ரிப்போர்ட் படத்தைப் போட வேண்டாம். ஒரு தடவை வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே விதிதான். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மருந்தின் அளவை மட்டும் மனிதரிடம் சரிபாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்று செய்தி வந்ததே. மாத்திரையை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். லெனகாபாவிர் என்ற அந்த ஊசியை அமெரிக்காவில் 2025 ஜூனில் அனுமதித்தது, தொற்று இல்லாதவர்களுக்கு வராமல் தடுப்பதற்காக. 2024இல் வெளியான ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தொற்றில்லாத உங்கள் துணைக்கு அது உதவக்கூடும். ஏற்கெனவே தொற்று உள்ளவர்களில், பல மருந்துகள் பலிக்காமல் போனவர்களுக்கு மட்டும் மற்ற மருந்துகளோடு சேர்த்துத் தருகிறார்கள். சிகிச்சைக்கென்றே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகள் தனியாக இருக்கின்றன. அவை உங்களுக்குப் பொருந்துமா, கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வயதாகும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

இதயத்தை. 40 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது. முடிவு 2023இல் வந்தது. புகையை விடுவது அதற்கும் முந்தைய வேலை. பெண்கள் 25 வயதிலிருந்தே கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்பார்கள். எச்ஐவியுடன் வாழ்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இன்றும் அந்த நோய்தான். அதைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. தரவில்லை என்றால் கேளுங்கள்.

எப்போது தேடுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சலோடு கடுமையான, விடாத தலைவலி. கழுத்து விறைப்பு. குழப்பம், வலிப்பு, கை கால் ஒரு பக்கம் செயலிழப்பது. மூச்சு வாங்குவது. பார்வை மங்குவது. கண் மஞ்சளாவது. வாயிலோ கண்ணிலோ புண்ணோடு தோல் உரிவது. இவற்றில் எதுவாக இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். சிடி4 200க்குக் கீழே இருப்பவர்கள் இன்னும் வேகமாகப் போக வேண்டும். போகும்போது எச்ஐவி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் மருத்துவரிடமே காட்டுங்கள். அவர் கொடுக்கப்போகும் மருந்து இதோடு சேருமா என்று பார்க்க அவருக்கு அது தேவை.